அஞ்சல் வழிக் கதவு மூடியாச்சு... பழவேற்காட்டிலிருந்து உளவியல் முதுகலைக்கு என்ன வழி?

2025 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு முடிவெடுத்தது. உளவியல் உட்பட உடல்நலம் சார்ந்த சில படிப்புகளுக்கு இனி தொலைநிலைக் கல்வியிலும் ஆன்லைனிலும் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் அது. அந்தக் கல்வியாண்டிலேயே நடைமுறைக்கும் வந்துவிட்டது.

சென்னை நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இது நாளிதழில் படித்துவிட்டுக் கடந்துபோகும் செய்தி. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், ஏதோ ஒரு பாடத்தில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அப்படியல்ல. மீன் வியாபாரத்துக்குப் போகும் அம்மாவுக்குத் துணையாக இருந்துகொண்டே, தபாலில் வரும் புத்தகங்களைப் படித்து, உளவியலில் எம்.ஏ., எம்.எஸ்ஸி வாங்கிவிட முடியும் என்றிருந்த வழி அடைபட்டுவிட்டது.

இந்தப் படிப்பில் அப்படி என்ன இருக்கிறது? மீனவக் குப்பத்திலிருந்து ஒருவர் இதைப் படித்தால் யாருக்கு என்ன பயன்? மிச்சம் இருக்கும் வழிகள் என்னென்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வலைக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில், தென்பகுதி தமிழ்நாட்டில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று கரையோரம் நெடுக மீனவ ஊர்கள்.

இங்கே வருமானம் எப்போதும் நிச்சயமில்லாதது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் படகு கடலுக்குப் போவது சிரமம். ஏரிக்குள் மீன், இறால் வரத்தும் குறையும். புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக முடியாது. ராக்கெட் ஏவும் நாளிலும் கட்டுப்பாடு உண்டு. ஏரிக்குள் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்கு இங்கே 'பாடு' என்று பெயர். படாத பாடு படுவதற்கும் அதே சொல்தான்!

உளவியல் முதுகலையின் முதல் செமஸ்டர் பாடத்தை இந்தக் கரையில் வைத்தே நடத்திவிடலாம். பத்து முறை வலை வீசினால் எந்த முறை மீன் விழும் என்று தெரியாதபோதும், மனிதர் ஏன் திரும்பத் திரும்ப வீசுகிறார்? பலன் எப்போது வரும் என்று தெரியாத பழக்கம்தான் எளிதில் விடாது என்று ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-ல் வெளிவந்த தங்கள் நூலில் பரிசோதனைகளோடு விளக்கினார்கள். அதற்கு மறுபக்கமும் உண்டு. என்ன செய்தாலும் நிலைமை மாறாது என்று அனுபவத்தில் படிந்துபோனால், வழி திறந்திருக்கும்போதுகூட முயற்சி செய்யத் தோன்றாது. இதை 1967-ல் செலிக்மனும் மேயரும் பரிசோதனையில் கண்டார்கள். வருடா வருடம் முகத்துவாரத்துக்காக மனு கொடுத்து அலுத்துப்போன ஊர்க்காரருக்கு இந்தப் பாடத்தை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

காணாமல் போனவரின் வீடு

கடலோரத்துக்கே உரிய ஒரு துயரம் உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கருமாதி செய்யலாமா, வேண்டாமா? பொட்டு வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? அழுதால், 'உயிரோடு இருப்பவருக்கு ஏன் அழுகிறாய்' என்பார்கள். அழாமல் இருந்தால், 'கல் நெஞ்சுக்காரி' என்பார்கள்.

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயல், கன்னியாகுமரி மாவட்ட மீனவக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்களை இந்த நிலையில் தள்ளியது. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது பொதுவான சட்டம். நிவாரணம், வங்கிக் கணக்கு, படகுக் கடன் என எல்லாமே இறப்புச் சான்றிதழில் வந்து முட்டி நின்றன. சட்டத்தைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்துவிடலாம். மனசு ஆறிவிடுமா?

இதற்கு உளவியலில் தனிப்பெயர் உண்டு. அமெரிக்காவில் காணாமல்போன போர்வீரர்களின் குடும்பங்களோடு 1970-களில் பணியாற்றிய பாலின் பாஸ் இதை 'முடிவு தெரியாத இழப்பு' என்ற பொருளில் விளக்கினார். இந்தக் குடும்பங்களிடம் 'மறந்துவிடுங்கள், வாழ்க்கையைப் பாருங்கள்' என்று சொல்வதில் பயனில்லை என்பது அவர் கண்ட உண்மை. இருக்கிறார் என்பதையும் இல்லை என்பதையும் ஒரே நேரத்தில் மனதில் சுமந்தபடி அன்றாடத்தை நடத்தக் கற்றுக்கொள்ள உதவுவதுதான் செய்யக்கூடியது. வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு வந்திருப்பது நோயா, துக்கமா, இரண்டும் கலந்ததா என்று பிரித்தறிய ஒருவருக்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியின் முதல் கட்டம்தான் இந்த முதுகலைப் படிப்பு.

சுனாமி சொல்லிக்கொடுத்தது

2004 டிசம்பர் 26 சுனாமி, நாகப்பட்டினம் போலவே பழவேற்காடு கரையையும் தாக்கியது. நிவாரணப் பொருள்களோடு கவுன்சலிங் கொடுப்பவர்களும் கடலோரங்களுக்கு வந்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சி அளித்தது. உலகம் முழுவதிலும் இருந்து வந்த நிபுணர்கள் சிலர், தங்கள் நாட்டுக் கேள்வித்தாள்களையும் கையோடு கொண்டுவந்தார்கள்.

அந்த அனுபவங்களுக்குப் பிறகு, 2007-ல் ஐ.நா அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பேரிடர் கால மனநல உதவிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டன. அதில் மனநல உதவியை நான்கு அடுக்குப் பிரமிடாக வரைந்திருக்கிறார்கள். அடித்தட்டில் பாதுகாப்பு, உணவு, தங்குமிடம். அதற்கு மேல் குடும்பமும் ஊரும் தரும் ஆதரவு. மூன்றாவது, ஓரளவு பயிற்சி பெற்றவர்கள் தரும் உதவி. உச்சியில், மிகச் சிலருக்கு மட்டும் தேவைப்படும் நிபுணர் சிகிச்சை. படகும் வலையும் போனவரிடம் முதலில் பேச வேண்டியது படகைப் பற்றியும் வலையைப் பற்றியும்தான் என்பதை மீனவர் சொன்னால் 'புலம்பல்' என்பார்கள். இன்று அதுவே பாடத்திட்டத்தில் இருக்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பகுதிகளில் போரையும் சுனாமியையும் அடுத்தடுத்துப் பார்த்தவர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். தனி மனிதருக்கு மட்டுமல்ல, ஓர் ஊருக்கும் சமூகத்துக்கும் சேர்த்தே காயம் படுகிறது என்பதை 1998-லும் 2014-லும் வெளியான தன் நூல்களில் எழுதினார். குடும்பமும் ஊரும் சேர்ந்து வாழும் இடத்தில், ஒருவரை மட்டும் தனியறையில் உட்காரவைத்துப் பேசினால் போதாது என்பது அவருடைய அனுபவம். பஞ்சாயத்து கூடி முடிவெடுக்கும் மீனவ ஊருக்கும் இது பொருந்தும்.

நான்கு செமஸ்டரில் என்ன படிக்கிறார்கள்?

இந்தியாவில் உளவியல் துறை முதலில் 1916-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஜி.டி.போவாஸ் தலைமையில் தொடங்கப்பட்டது. இன்று முதுகலை என்பது பொதுவாக இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். கல்லூரிக்குக் கல்லூரி தாள்களின் பெயர் மாறும், உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்.

அறிதல், நினைவு, கற்றல், ஆளுமைக் கோட்பாடுகள், மூளையும் நரம்பு மண்டலமும், மனநோய்களின் வகைகள், கவுன்சலிங் முறைகள் என்று வகுப்புப் பாடங்கள். 'மனசைப் படிக்கப் போகிறோம்' என்று ஆசையாக வருபவர்களை முதலில் மிரட்டுவது புள்ளியியல். சராசரி, திட்டவிலக்கம், தற்செயலா உண்மையா என்று கண்டுபிடிக்கும் சோதனைகள்... கணக்கு வேண்டாம் என்று கலைப் பாடம் எடுத்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஏலத்தில் மீன் விலையை நொடியில் கூட்டிக் கழிக்கும் வீட்டுப் பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை, ஆனால் தினமும் பயிற்சி வேண்டும்.

அடுத்தது ஆய்வகம். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். நாக்கு குழறும். ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட சோதனை அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் அறிவுத்திறனையும் அளக்க சி.எம்.பாட்டியா இந்தியச் சூழலுக்கென்றே உருவாக்கி 1955-ல் வெளியிட்ட ஐந்து சோதனைகளின் தொகுப்பும் உண்டு. வண்ணக் கட்டைகளை அடுக்குவதும், படத் துண்டுகளைச் சேர்ப்பதும் அதில் அடக்கம்.

கடைசியில் களப்பயிற்சியும் ஆய்வேடும். மருத்துவமனை, போதை மறுவாழ்வு மையம், சிறப்புப் பள்ளி போன்ற இடங்களில் மூத்தவர்களின் கண்காணிப்பில் வேலை பழக வேண்டும். தான் பேசியதை அப்படியே எழுதிக் காட்டி, 'இந்த இடத்தில் ஏன் குறுக்கிட்டாய்? இங்கே ஏன் அறிவுரை சொன்னாய்?' என்று திருத்து வாங்க வேண்டும். புத்தகம் மட்டும் வீட்டுக்கு வந்தால் இந்தப் பகுதி விடுபட்டுப் போகும். தொலைநிலைக் கல்விக்குத் தடை போட்டதில் இருக்கும் நியாயம் இதுதான். 2021-ல் வந்த தேசிய இணை மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டம் உளவியலையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டதால், இதை இனி வெறும் ஏட்டுப் படிப்பாக நடத்த முடியாது.

நியாயம் இருக்கிறது. ஆனால், கல்லூரிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு விலையும், ஏரிக்கரையில் இருப்பவருக்கு வேறு விலையுமாக அது இறங்கியிருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து புறநகர் ரயிலில் சென்னை, மறுபடி பஸ். ஏரியின் நடுத்திட்டுகளில் ஊர் என்றால் அதற்கும் முன்னால் படகோ, பாலமோ. இதையே மாலையில் திருப்பிப் போட வேண்டும். விடுதி கிடைக்காவிட்டால், இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பது எளிதல்ல.

பாடம் ஆங்கிலத்தில், வலி தமிழில்

முதுகலைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம். தேர்வும் பெரும்பாலும் அப்படியே. ஆனால், உதவி கேட்டு வருபவர் 'டிப்ரஷன்' என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். 'நெஞ்சு அடைக்குது', 'தலை பாரமா இருக்கு', 'வயித்தைப் பிசையுது', 'எதுலயும் பிடிப்பில்ல' என்றுதான் வருவார். முதலில் போவதும் பொது மருத்துவரிடம், அல்லது கோயிலுக்கோ, மாதா கோயிலுக்கோ, தர்காவுக்கோ.

மனச்சோர்வை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் ஒரு கேள்வித்தாளில் ஒன்பதே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, ஆர்வம் எப்படி என்று கேட்கும். நள்ளிரவு தாண்டிக் கடலுக்குக் கிளம்புபவரிடம் 'ராத்திரி தூக்கம் வருகிறதா' என்று கேட்டால் என்ன பதில் வரும்? தொழிலால் கெட்ட தூக்கமா, மனசால் கெட்ட தூக்கமா என்று பிரிக்க, கேட்பவருக்கு அந்தத் தொழிலின் நேரம் தெரிந்திருக்க வேண்டும். கேள்வித்தாளைத் தமிழாக்கி, அந்தத் தமிழை இன்னொருவரைக்கொண்டு மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் முறை உண்டு. மொழி சரியாக வந்தாலும், வாழ்க்கை சரியாக வந்திருக்கிறதா என்று ஊர்க்காரரால்தான் சொல்ல முடியும்.

உலக உளவியலுக்கே இந்தக் குறை இருக்கிறது. 2010-ல் ஜோசஃப் ஹென்ரிக்கும் இரு சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்னணி ஆய்விதழ்களில் பங்கேற்பாளர்களாக வருபவர்களில் 96 சதவிகிதம் பேர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக மக்கள்தொகையில் அவர்கள் 12 சதவிகிதம்தான் என்று சுட்டிக்காட்டினார்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும், காற்றின் போக்கைப் பார்த்துக் கடலைக் கணிக்கும் பெரியவர்களும் அந்த ஆய்வுகளில் இல்லை. பழவேற்காட்டு மாணவி ஒருவர் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி வெளியே அலைய வேண்டியதில்லை.

சொந்த ஊரில் ஒரு சிக்கல்

ஊர்க்காரர் என்பது பலம் மட்டுமல்ல, சிக்கலும்கூட. குப்பத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. உதவி கேட்டு வருபவர் சித்தப்பாவாக இருப்பார். அவர் குடியால் அவதிப்படுபவர் அத்தையாக இருப்பார். உறவினருக்கும் நெருங்கியவர்களுக்கும் தானே கவுன்சலிங் கொடுக்கக் கூடாது, வேறொருவரிடம் அனுப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை நெறி. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது இன்னொன்று. 'என்னம்மா, அவ உன்கிட்ட என்ன சொன்னா?' என்று சொந்த அம்மாவே கேட்டாலும், வாயைத் திறக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டும்தான் விதிவிலக்கு.

படித்து முடித்து ஊர் திரும்புபவர் உடனே கவுன்சலிங் போர்டு மாட்டுவதைவிட, யாரை எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிந்த பாலமாக இருப்பது பலன் தரும். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு, 'பார், கேள், இணைத்துவிடு' என்று மூன்றே சொல்லில் இதைச் சுருக்கியிருக்கிறது.

பட்டம் எதுவரை கொண்டுபோகும்?

சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. உளவியல் முதுகலை முடித்தவர் டாக்டர் அல்ல. மருந்து எழுத முடியாது. மருந்து எழுதுபவர் எம்.பி.பி.எஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த மனநல மருத்துவர். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ளவும் முதுகலை மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த தொழிற்பயிற்சிப் படிப்பை முடித்து, அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். முதுகலைக்குப் பின் இரண்டு ஆண்டு எம்.ஃபில் என்பதுதான் இதற்கு நெடுநாளாக இருந்த வழி. எம்.ஃபில் பட்டமே நாட்டில் நிறுத்தப்பட்ட பிறகும், இந்தப் படிப்புக்கு மட்டும் 2025-26 வரை நீட்டிப்பு கிடைத்தது. இனி எந்தப் படிப்பு செல்லும் என்பதைச் சேரும் ஆண்டில் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

முதுகலையோடு போகக்கூடிய வேலைகளும் உண்டு. பள்ளி, கல்லூரி கவுன்சலர், போதை மறுவாழ்வு மையங்கள், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், தொண்டு நிறுவனங்களின் களப்பணி, நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு. தேவைக்குக் குறைவில்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

இனி என்ன வழி?

* ப்ளஸ் டூ முடிப்பவர்கள்: உளவியல்தான் என்று முடிவு செய்துவிட்டால், இளங்கலையிலேயே அதை எடுப்பது நல்லது. முதுகலைக்கு இளங்கலை உளவியல் கேட்கும் கல்லூரிகள் பல. சென்னையில் மாநிலக் கல்லூரி, மகளிர் கிறித்துவக் கல்லூரி போன்றவற்றில் இந்தத் துறை இருக்கிறது. அரசுக் கல்லூரி என்றால் செலவு மிகக் குறைவு.

* வேறு டிகிரி முடித்தவர்கள்: எந்தப் பட்டம் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும் முதுகலைப் படிப்புகளும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் தகுதிப் பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

* மத்தியப் பல்கலைக்கழகங்கள்: புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் பயன்பாட்டு உளவியல் முதுகலை இருக்கிறது. இதற்கு க்யூட் பி.ஜி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். இளங்கலை கடைசி ஆண்டு படிக்கும்போதே விண்ணப்பம் வந்து போய்விடும் என்பதால், தேதியைத் தவற விடாதீர்கள்.

* பணமும் தங்குமிடமும்: 'புதுமைப் பெண்' திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். அதை நம்பி முதுகலைக்குக் கணக்குப் போட வேண்டாம். மீனவர் சமுதாயம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால், அந்த நலத்துறையின் உதவித்தொகைக்கும் கல்லூரி மாணவர் விடுதிக்கும் விண்ணப்பிக்கலாம். சாதி, வருமானச் சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

* ஏற்கெனவே அஞ்சல் வழியில் சேர்ந்தவர்கள்: தடை புதிய சேர்க்கைக்குத்தான். படிப்பை இடையில் விட்டுவிடாமல் முடியுங்கள். களப்பயிற்சியை மட்டும் கையெழுத்துக்காகச் செய்யாமல், நல்ல இடம் பார்த்து உண்மையாகவே செய்யுங்கள்.

* விளம்பரங்களில் ஜாக்கிரதை: 'ஆறு மாதத்தில் சைக்காலஜிஸ்ட்', 'ஆன்லைனில் எம்.எஸ்ஸி உளவியல்' என்று மொபைலில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டும் முன், யு.ஜி.சி இணையதளத்தில் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்.

அரசு செய்யக்கூடியதும் இருக்கிறது. வகுப்பறைக்கு வந்துதான் படிக்க வேண்டும் என்றால், வகுப்பறையும் கொஞ்சம் அருகில் வர வேண்டும். பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அந்த வட்டாரத்திலேயே உளவியல் முதுகலை நேரடி வகுப்பாகக் கிடைத்தால், சென்னை ரயிலைப் பிடிக்கும் அவசியம் இருக்காது. களப்பயிற்சிக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களும் மாவட்ட மனநலத் திட்டமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கடலுக்குப் போனவருக்காகக் காத்திருக்கும் வீட்டில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஒருவர், அந்தக் கரையிலிருந்தே உருவாகிவிடுவார்.

உடனடி உதவிக்கு: மனசு பாரமாக இருந்தால், உங்களுக்கோ வீட்டில் இருப்பவருக்கோ பேச ஆள் வேண்டுமென்றால், 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.